யார் சொன்ன வழி

பாதை செங்குத்தான பள்ளத்தில் முடிந்துபோகிறது. கீழே ஆறு இரைகிறது. மாலை வெயில் எதிர்ப்பாறையின் உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையேற்ற வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறும் ஆறு பேரும் முதுகுப்பையை இறக்காமலே நிற்கிறார்கள். இன்றைக்கு அணித்தலைவி குருவி. அவள் கையில் வரைபடம் காற்றில் படபடக்கிறது. காலையில் முகட்டு வழியாகப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். அவளோடு ஒரே கூடாரத்தில் படுத்து ஒரே போர்வையை இழுத்துக்கொள்ளும் நெட்டச்சிதான், “என்னை நம்புடி, ஆத்தோரமா போனா சீக்கிரம் போயிடலாம்” என்று மனதை மாற்றினாள்.

“இந்த வழி யாரோட யோசனை?” என்று பயிற்சியாளர் கேட்கிறார். குரலில் கோபமில்லை. ஆனால் இன்று தவறினால் குருவிக்குச் சான்றிதழ் இல்லை.

குருவி நெட்டச்சியைப் பார்க்கிறாள். நெட்டச்சி குனிந்து, நன்றாகவே கட்டியிருக்கும் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுகிறாள். “தலைவி அவதானே சார். நாங்க பின்னாடி வந்தவங்கதான்.”

குருவிக்குக் காது மடல் சுடுகிறது. வரைபடத்தை மடிக்கிறாள், மடிப்பு கோணலாக விழுகிறது.

“என் முடிவுதான் சார்.”

இருட்டுவதற்குள் கயிற்றில்தான் இறங்கியாக வேண்டும். குருவியின் இடுப்பில் கட்டி மரத்தைச் சுற்றி வந்த கயிற்றின் மறுமுனையை நெட்டச்சி வழக்கம்போல் கையில் எடுக்கிறாள். “நான் பிடிச்சுக்கிறேன், நீ இறங்கு.”

குருவி அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்குகிறாள். அணியில் இதுவரை அவள் நாலு வார்த்தைகூடப் பேசியிராத சோடாபுட்டிக் கண்ணாடிப் பையனிடம் நீட்டுகிறாள்.

“நீ பிடி.”