ஷூவுக்கு அடியில்

நகரமன்ற நடைக்கூடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை ஸ்ட்ராடிஸ் தன் புது ஷூவைக் கழற்றித் திருப்பினான்.

கல்யாணம் முடிந்து ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ந்த பிறகுதான் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிரேக்க வழக்கப்படி, கல்யாணமாகாத சிநேகிதர்கள் மணப்பெண்ணின் ஷூவுக்கு அடியில் தங்கள் பெயரை எழுதுவார்கள். எவர் பெயர் முதலில் தேய்ந்து அழிகிறதோ, அவருக்குத்தான் அடுத்த கல்யாணம்.

இங்கே ஸ்ட்ராடிஸ், ஃபானிஸ் என்று இரண்டும் மாப்பிள்ளை. அதனாலென்ன என்று காலையிலேயே ஸ்ட்ராடிஸின் ஷூவைப் பிடுங்கிக்கொண்டார்கள். யார் யார் எழுதினார்கள் என்று தெரியாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

குதிகால் பக்கம் ரூலா என்று இருந்தது.

சிநேகிதி ரூலாவுக்கும் வங்கேலிஸுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று ஃபானிஸை வருடக்கணக்கில் இழுத்தடித்த ஸ்ட்ராடிஸ், இவர்களைப் பார்த்துத்தான் மனசு மாறினான்.

எதிரே பாதாம் மிட்டாய்ப் பொட்டலங்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த ரூலாவிடம் ஷூவைக் காட்டினான். அவள் முகம் செத்துப்போனது.

ஈஸ்டருக்கு முன்பே பிரிந்துவிட்டார்களாம். இந்தக் கல்யாணம் முடிகிறவரை மூச்சுவிடக் கூடாது என்று பேசிவைத்து, ஒரே காரில் வந்திருக்கிறார்கள்.

“பேனா கைக்கு வந்துச்சுடா. நானும் இப்ப தனியாள்தானேன்னு எழுதிட்டேன். நீ இப்பவே திருப்பிப் பார்ப்பேன்னு யாரு கண்டா?”

ஸ்ட்ராடிஸ் ஷூவை மடியில் வைத்துக்கொண்டான். ஆயிரங்காலத்துப் பயிர் என்று நம்பிய இவர்களுக்கே இப்படி என்றால் தனக்கு எத்தனை நாள்? உள்ளே மேயரின் மேசையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஃபானிஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். பயமாக இருக்கிறது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுவிட்டான்.

ஃபானிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தனக்கும் பயம்தான் என்றான். பிறகு வலது காலைத் தூக்கி முழங்காலின்மேல் போட்டுக் காட்டினான்.

அவன் தன் ஷூவை யாருக்கும் தரவில்லை. கஞ்சன் என்று சிநேகிதர்கள் காலையிலிருந்து ஏசிக்கொண்டிருந்தார்கள்.

அடியில் ஒரே ஒரு பெயர் இருந்தது, ஃபானிஸின் கோணல் கையெழுத்தில். ஸ்ட்ராடிஸ். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

“ஒரு வாரமா வீட்டுக்குள்ள இதப் போட்டுக்கிட்டுதான் நடக்கறேன். இன்னும் முழுசா அழியல.”

ஸ்ட்ராடிஸ் தன் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தான். ஃபானிஸின் கையைப் பிடித்து எழுப்பினான்.

“வா,” என்றான். “நல்லா தேய்ச்சு நட.”