பொத்து மாமா

'பொத்'தென்று சத்தம். பாட்டு நின்றது. யாரென்று திரும்பிப் பார்க்கவே வேண்டாம். மூன்றாவது வரிசையில் பொத்து மாமா இன்றும் மல்லாந்துவிட்டார்.

அறுபதை நெருங்கிய மனுஷன். வாரத்துக்கு மூன்று நாளாவது இப்படி விழுவார். அதனால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது. முடியாதவருக்கு எதற்கு இந்த உடற்பயிற்சி வகுப்பு என்று பக்கத்தில் குதிக்கும் நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளும்தான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், டியூட்டி முடிந்து நேரே வந்து நிற்கிறாள். சற்றுமுன் கண் இருட்டியது, நெஞ்சை அடைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒருவர் நின்றால் மற்ற எல்லாருக்கும் இருபது குதி கூடுதல் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். சேர்ந்த புதிதில் அவள் ஒருமுறை நின்றுவிட, வகுப்பே அவளைப் பார்வையால் பொசுக்கியது. அந்த அவமானத்துக்குச் செத்தே போகலாம்.

யாராவது விழுந்தால் மட்டும் பாட்டு நிற்கும், ஐந்து நிமிஷம் ஓய்வு. அந்த விதியும் போன வருஷம்தான் வந்ததாம்.

இதில் இன்னொரு கூத்து. எல்லாரையும் கடித்துக் குதறும் மாஸ்டர், பொத்து மாமாவை மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பாட்டை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சொந்தக்காரரோ என்னவோ!

தொழில் விடுமா? நர்ஸ் மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி கடிகாரம் மாதிரி நிதானமாக அடித்தது. மூச்சுகூட வாங்கவில்லை. அடப்பாவி மனுஷா!

அவர் மெல்லக் கண் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். "நீ முதல்ல தண்ணி குடிம்மா."

வகுப்பு முடிந்ததும் வாசலில், ஷூ மாட்டிக்கொண்டிருந்தவரை மடக்கினாள்.

"நான் நர்ஸ் மாமா. எங்கிட்டயேவா? உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நடிக்கிறீங்க."

"ஆமாம்மா."

"வெக்கமா இல்ல? குதிக்கப் பிடிக்கலன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

அவர் கோபப்படவில்லை. "உன் உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. நீயா நிறுத்துவேன்னு பார்த்தேன். நிறுத்தல."

அவள் கை தானாக உதட்டுக்குப் போனது. அப்படியானால் இத்தனை நாளும் இவர் விழுந்ததெல்லாம்?

"யாருக்கோ முடியலன்னா நீங்க ஏன் மாமா விழணும்? ஊரே சிரிக்குதே!"

அவர் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். கதவு வழியாகக் காலியாகக் கிடந்த மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"போன வருஷம் என் பொண்ணு அங்க விழுந்த அன்னிக்கு, அவளுக்கு முன்னாடி யாரும் விழலம்மா."