கேட்டுக்கொண்டிருந்தவர்

"சேர்மன் முன்னால நின்னு பேசுவியா?"

பாயில் படுத்தபடி நாச்சிமுத்து கேட்டபோது அவன் மனைவி சுந்தராம்பாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆண்கள் வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள் அவள்.

"மாட்ட. எனக்குத் தெரியும்," என்றான் அவனே. "ஆனா வேற ஆரு இருக்கா? எங்காலு இப்பிடிக் கெடக்கு. ஆட்சேபணை உள்ளவுக நாளைக்கு நேர்ல வந்து சொல்லலாம்னு மலையில தண்டோரா போட்டிருக்காகளாம். கண்டக்டர் சொன்னாரு. சொல்லலேன்னா திங்கக்கெழமை நம்ம கடை இருக்காது."

மலை மேல் பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு ஒரு பழக்கடை. ஐந்தாண்டுத் திட்டத்தில் ஸ்டாண்டைப் பெரிதாக்கப் போகிறார்கள். அந்த விஷயம் காதில் விழுந்த வாரத்தில்தான் பஸ் கூரையிலிருந்து பழக்கூடையோடு விழுந்து காலை முறித்துக்கொண்டு பழனியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"எங் கையில ஒண்ணுமில்லம்மான்னு சொல்லுவாக. எல்லா ஆபீசருக்கும் அதான் மொதப் பேச்சு. அத நம்பித் திரும்பிராத."

மறுநாள் வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டில் பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே அவள் மலையேறினாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது கடைதான். இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். நாலு பலகை, ஒரு தகரம், ஒரு சங்கிலி. இதுவா இத்தனை காலம் ஆறு பேருக்குச் சோறு போட்டது?

முனிசிபல் ஆபீஸ் வராந்தாவில் பனி புகுந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. அதன் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்து வரை பொத்தான். பழனியில் டாக்டரும் வக்கீலும்தான் கோட்டுப் போடுவார்கள். சேர்மன் இவர்தான். சுந்தராம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டாள்.

"ஆட்சேபணை சொல்ல வந்தியாம்மா?" என்றார் அவர்.

"ஆமாங்கய்யா. பஸ் ஸ்டாண்டு பழக்கடைங்க. அவுகளுக்குக் கால் ஒடஞ்சிருச்சு. நான் அவுக சம்சாரம்."

"தெரியும். தகரக் கொட்டகை. பட்டா இருக்கா?"

"இல்லீங்க."

"மொதல்ல அதத்தான் கேப்பாக. சரி, சொல்லு."

வழி நெடுக மனப்பாடம் செய்த எதுவும் வரவில்லை. வேறு என்னவோ வந்தது.

"பஸ்ஸு வேண்டாங்கல அய்யா. பெருசாவே கட்டட்டும். எறங்குறவுக பழம் திங்க மாட்டாகளா? ஒரு மூலையில ஒரு கூடை வைக்க எடம் போதுங்க."

"எத்தனை புள்ளைக?"

"மூணுங்க. மூத்தவளப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்திட்டோம். ராத்திரி வெளக்கப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பழைய பாடத்தையே திரும்பத் திரும்ப எழுதுறா. அடுத்தவனையும் நிறுத்தணும்னா எனக்குத் தாங்காதுங்க. அய்யா மனசு வச்சா நடக்கும்."

"எங் கையில ஒண்ணுமில்லம்மா."

புருஷன் சொன்னபடியே சொல்கிறாரே! சுந்தராம்பாள் விடவில்லை.

"அப்பிடிச் சொல்லக்கூடாதுங்க. ஒங்களுக்கும் வீடு வாசல் இருக்குமில்ல? ராத்திரி படுத்திருக்கையில கூரையப் பிரிச்சா எப்பிடி இருக்கும்? கொஞ்சம் நெனச்சுப் பாருங்க!"

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. அவர் கோபிக்கவில்லை. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேர்மனே அழுகிறார்! அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"எல்லாத்தையும் சொல்லிரு தாயி," என்றார். "மிச்சம் வச்சா நெஞ்சுக்குள்ளேயே கெடந்து அறுக்கும்."

சொன்னாள். வைத்தியச் செலவு, மாமியாரின் பேச்சு, பழம் அழுகிப்போன மழைக்காலம் எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே மணி அடித்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. அவரும் முகத்தைத் திருப்பவில்லை.

கதவு திறந்தது. டவாலி போட்ட பியூன் சாவிக்கொத்தோடு வெளியே வந்தான்.

"யாரும்மா நீ? ஆபீஸ் பூட்டணும். என்ன சோலி?"

"சோலி முடிஞ்சுதுங்க. பழக்கடை விஷயம். எல்லாம் சேர்மன் அய்யாகிட்டச் சொல்லிட்டேன்."

"சேர்மன்கிட்டயா? அவரு பின்வாசல்ல கார் ஏறிட்டாரே! மீட்டிங் இப்பத்தான் முடிஞ்சுது. ஆட்சேபணை உண்டான்னு ரெண்டு தரம் கேட்டாக. ஆரும் இல்ல. பஸ் ஸ்டாண்டு தீர்மானம் பாஸாயிருச்சு."

"கேட்டாகளா? எங்கிட்டு வச்சுக் கேட்டாக?"

"உள்ளதான்."

"கதவு சாத்தியிருந்துச்சேங்க!"

"குளிருதில்ல? எப்பவும் சாத்தித்தான் இருக்கும்."

சுந்தராம்பாள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "அப்ப இவுக?"

பியூன் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான்.

"கோட்டப் பாத்து ஏமாந்துட்டியாக்கும். இந்தக் குளிருல வெறகு சொமக்கிறவனுக்கும் கோட்டுதாம்மா. இது மயில்சாமி. ஏரி ரோட்ட அகலமாக்குறப்ப வீடு போயிருச்சு. அன்னிக்கு ஆட்சேபணை சொல்ல வந்து இங்கதான் காத்துக் கெடந்தாரு. எப்பவாச்சும் உள்ள கூப்புடுவாகன்னு இன்னமும் தெனம் வந்து ஒக்காந்திருக்காரு."

மயில்சாமி எழுந்தார். நாற்காலியை மெல்ல அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, படியிறங்கிப் பனிக்குள் போனார்.