இரண்டு பேருக்கு உரிமம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். எங்கள் அலுவலகக் கணினியை இயக்கக் காசு கொடுத்து வாங்கிய யூனிக்ஸ் மென்பொருளில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் நுழையலாம். ஒருவர் மேலாளர், எழுந்திருக்க மாட்டார். இன்னொருவர் செல்வநாயகம், செத்து ஒரு மாதமாகியும், உள்ளே இருப்பவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயர் போகவில்லை. கணினியை அணைத்துப் போட்டாலும் மறுபடி முதல் ஆளாக வந்துவிடுவார்.

“இன்னிக்கும் உள்ள போகலேன்னா என் வேலை போயிடும் சார்,” என்றாள் அவருடைய இடத்துக்கு வந்த ஃப்ளோரா.

யூனிக்ஸுக்குப் பதிலாக, பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸைப் போட்டேன். அதில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு கிடையாது. ஃப்ளோரா நுழைந்தாள். அவள் பெயருக்குக் கீழே செல்வநாயகம், அவருக்குக் கீழே பழைய தலைமை எழுத்தர், அவருக்கும் கீழே காலராவில் போன காவலாளி என்று திரை நகர்ந்துகொண்டே இருந்தது.

“இடமிருக்குன்னு செல்வநாயகம் எல்லாருக்கும் சொல்லிட்டாரு போல சார்,” என்றாள், விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல்.

எங்கள் கட்டடத்துக்கு மின் இணைப்பு கிடைத்ததே அடுத்த வருடம்தான்.