காட்டில் இறங்கிய விமானம்

மரங்களை எப்போது வெட்டினார்கள் என்று கேள், என்றார் ஹெலன்.

டீனா தமிழில் கேட்டாள்.

செங்கோடன் அறுவடை முடிந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மரமுங்களா? இந்தக் காட்டுல கிளுவ வேலியத் தவிர என்னத்த அம்மணி இருந்துச்சு? எங்கய்யன் காலத்துல சோளம். இப்ப மக்காச்சோளம். அவ்வளவுதானுங்க."

டீனா ஹெலனைத் திரும்பிப் பார்த்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து அன்னூர் வரும் வழியெல்லாம் ஹெலன் பேசிக்கொண்டு வந்தது அந்த மரங்களைப் பற்றித்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, எஞ்சின் நின்றுபோன குண்டுவீச்சு விமானத்தை அவருடைய அப்பா இங்கே தரையிறக்கினார். கூட இரண்டு பேர். மூவருமே ஊர் திரும்பவில்லை. அடர்ந்த காடு, தேடப்போனவர்கள் மரங்களுக்குள் அலைந்தார்கள், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பட்டாளத்தார் அம்மாவிடம் சொன்னார்கள்.

யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் கிழவியாகிச் செத்தார். இப்போது ஹெலனுக்கே எண்பது தாண்டிவிட்டது.

உழும்போது டிராக்டரில் சிக்கிய ஒரு தகட்டைச் செங்கோடனின் பேரன் இணையத்தில் போட்டிருந்தான். அதிலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஹெலன் விமானம் ஏறினார். இங்கிலீஷ் பேசத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டபோது, ஒரு சர்ச்சிலிருந்து டீனாவை அனுப்பிவைத்தார்கள்.

செங்கோடன் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

"மூணு பேரும் உசுரோடதானுங்க இருந்தாங்க. ஏரோப்ளேன் எங்க காட்டுல எறங்கிப்போச்சுங்கன்னு எங்கய்யன் பட்டாளத்துக் கேம்புக்கு ஓடிப்போயி சொல்லிப்போட்டு வந்தாரு. ஆளுகளத் தொட வேண்டாம், லாரி வந்துரும்னுட்டாரு மணியகாரரு. எளநியும் மோருந்தான் குடுத்தாங்க. லாரியும் வந்துச்சுங்க. நிக்காம மலைக்குப் போயிருச்சு."

"ஏனுங்க தாத்தா, மலைக்கு எதுக்குங்க?" என்றாள் டீனா.

"அதத்தான் எங்கய்யனும் சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு கண்ணு. மறுக்காவும் போயி, காட்டுலதானுங்கன்னாரு. தெரியும் போடான்னு தொரத்திப்போட்டாங்க."

டீனாவுக்கு விளங்கியது.

இந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். சோளம் நின்றாலும் காடு. தரிசாகக் கிடந்தாலும் காடு. முகாமில் அதை ஆங்கிலமாக்கிச் சொன்னவர் வேறு சீமைக்காரராக இருந்திருக்க வேண்டும். அவருக்குக் காடென்றால் மரம், யானை, மலை.

"லாரியிலிருந்து பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமேங்க?"

"சோளம் அப்ப ரெண்டாள் ஒசரமுங்க. வாலு முறிஞ்சு உள்ளுக்குள்ள அமுங்கிக் கெடந்துச்சு. ஊர்க்காரங்க கையக் காட்டுனாங்க, நிக்கல. வெள்ளைக்காரன் லாரிய யாருங்க மறிக்கறது? லாரி சத்தம் கேக்கறப்பெல்லாம் ஏரோப்ளேன் ஓட்டுனவரு இப்படிக் கையத் தூக்குவாராமா." செங்கோடன் தன் கையைத் தூக்கிக் காட்டினார். "மூணா நாளு தூக்குலீங்க."

ஹெலன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாதான் ஓட்டினார் என்று காரில் சொல்லியிருந்தார்.

"என்ன சொல்கிறார்?"

டீனா செருப்பின் நுனியைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். "அப்போது இங்கே காடு இருந்ததாம். பெரிய காடு. யாராலும் உள்ளே வர முடியவில்லையாம்."

முதல் வாக்கியத்தையாவது தமிழில் சொல்லியிருந்தால், அது பொய்யாகியிருக்காது.

ஹெலன் தலையசைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு நிம்மதியடைந்திருப்பார் என்றார். குனிய முடியாமல் குனிந்து, காய்ந்த மக்காச்சோளத் தட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

வேலிக்கு அப்பால், தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று மலைப்பக்கமாகப் போனது.

ஹெலன் நிமிர்ந்தார். லாரியைப் பார்த்தார். தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை.

சாலையை நோக்கி விரலை நீட்டினார். அந்த ரோடு பழையதா, அப்போதும் இருந்ததா என்று கேட்டார்.

டீனா தானே பதில் சொல்ல வாயெடுத்தாள்.

ஆனால் அந்தக் கேள்வியில் இரண்டு வார்த்தைகள் செங்கோடனுக்குப் புரிந்துவிட்டன. தூரதேசத்திலிருந்து வந்திருக்கும் அம்மாளுக்கு, நடுவில் ஆள் வைக்காமல், தானே பதில் சொல்லப்போகும் சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"எஸ்ஸுங்க," என்றார். "ஓல்டு ரோடுங்க. வெரி ஓல்டு."