ஆரும் படிக்கிற மொழி

காத்தான்குடியில் கடைகளுக்கு பில் மெஷின் செய்து விற்கும் ஸாஜித், புது மெஷினுக்கான மென்பொருளை எந்தக் கணினி மொழியில் எழுதலாம் என்று தன் இரண்டு ஊழியர்களையும் கேட்டார்.

"போன வருசம் வந்த மொழியில எழுதுவம் சேர். இலங்கையிலயே நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும்," என்றான் இர்ஷாத்.

"பழைய சி மொழியே போதும். எந்த மெஷின்லயும் ஓடும், ஆரும் லேசாப் படிக்கலாம்," என்றாள் அஸ்மியா.

ஸாஜித் யோசிக்கவே இல்லை. "சியில எழுதுவம்."

இர்ஷாத்துக்கு முகம் தொங்கிப்போனது. அஸ்மியா மெதுவாகக் கேட்டாள்.

"சேர், நாலு மணிக்கு மதரசா விடுது. புள்ளையக் கூட்டப் போகணும். கொஞ்சம் முந்திப் போக விடுவீங்களா எண்டு போன மாசமே கேட்டிருந்தன்."

ஸாஜித் சிரித்தார். "நான் ஏன் சி எண்டு சொன்னன் தெரியுமா? ஆரும் படிக்கலாம் எண்டீங்க. அப்ப ஒங்கட இடத்துக்கும் ஆரையும் போடலாம். ஆறு மணி வரைக்கும் இரிங்க."

"ஓம் சேர். என்னய வேலைக்குக் கூப்பிட்ட ஆரையம்பதிக் கொம்பனியிலயும் சி தான். மூண்டரைக்கே விடுவாங்களாம். நாளையில இருந்து அங்க போறன்."

ஸாஜித் அவசரமாகத் திரும்பினார். "இர்ஷாத், ஒனக்கு சி தெரியும்தானே?"

"லேசான மொழிதானே எண்டு நான் படிக்கவே இல்ல, சேர்."