அண்ணன் பாட வேண்டிய வரி

இதைப் படித்து முடிக்கும்போது நீங்கள் கட்டாயம் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே ஆரம்பித்துவிடாதீர்கள், கொஞ்சம் அடக்கி வையுங்கள். முதலில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது சிரிக்கிற விஷயமில்லை.

அதற்கும் முன்னால், நான். பெயர் ரஞ்சிதம். ரிச்சர்ட்ஸ் டவுனில் என் தொண்டைக்குள் குடியிருக்காத ஆள் கிடையாது. விடிகாலையில் பால்காரர் மாதிரி 'ஹாலம்மா ஹாலு' என்று நான் குரல் கொடுத்தால், பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி சொம்போடு வாசலில் வந்து நிற்பார். ஜட்காக்காரரின் 'ஹட்டோ ஹட்டோ'வைக் கேட்டால் தெருவே ஒதுங்கும். பாஸ்டர் மாதிரி இருமினால் ஞாயிறு பள்ளி மொத்தமும் எழுந்து நிற்கும்.

அண்ணன் சாலமன் குரலும் வரும். வம்பு அதில்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறுகளில், மாலை ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் அட்வென்ட் பாட்டு, அதாவது ஆண்டவர் இறங்கி வரக் காத்திருக்கிற பாட்டு, உண்டு. அப்பா ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே அடிக்குரலில் பாடுவார். அம்மாவுக்கு மேல்குரல். எனக்கும் அண்ணனுக்கும் நடுக்குரல்கள். கடைசிச் சரணத்தில் ஒரு வரியை மட்டும் அண்ணன் தனியாகப் பாடுவான். 'கதவைத் திறவுங்கள், வருகிறவர் வாசலில் நிற்கிறார்.'

இந்த வருஷம் அண்ணன் இல்லை. அப்பா தன் ரயில்வே ஆபீஸில் சொல்லி வைத்திருந்த வேலை வேண்டாமாம். கையில் கிரீஸ் படிகிற வேலைதான் வேண்டுமாம். "அப்ப என் முகத்துல முழிக்காதே" என்றார் அப்பா. அன்றைக்கே கோலார் தங்கவயலுக்கு ரயில் ஏறிவிட்டான். அது ஈஸ்டர் முடிந்த சமயம். அதிலிருந்து அம்மாவுக்குப் பாட்டே வெளியில் வருவதில்லை. உதடு மட்டும் அசையும்.

முதல் ஞாயிறு அந்த வரி வந்தபோது, போனால் போகிறதென்று அண்ணன் குரலில் நானே பாடினேன். அம்மா முகம் அப்படியே மலர்ந்தது.

அப்பா ஆர்மோனியத் துருத்தியைப் பட்டென்று மூடினார். "அது அவன் வரி. யாரும் தொட வேண்டாம்."

அப்புறம் வந்த ஞாயிறுகளில் அந்த வரி வரும்போது ஆர்மோனியம் மட்டும் தனியாக அழும்.

"அப்பா மனுஷனாம்மா, கருங்கல்லா? அண்ணன் பேரைக்கூடச் சொல்ல விட மாட்டேங்கறாரே" என்றேன் சமையலறையில்.

"மெதுவாப் பேசுடி" என்றாள் அம்மா, கல்கல் பலகாரத்துக்கு மாவைத் தேய்த்துக்கொண்டே. "கிறிஸ்துமஸுக்காவது போய்க் கூட்டிட்டு வாங்கன்னு கேட்டுப் பார்த்தேன். வருவான், காத்திருப்போம்னு முடிச்சுட்டார். அவராவது போறதாவது."

அப்போதுதான் முடிவு செய்தேன். கடைசி ஞாயிறு, அந்த வரி வரும் நேரம் பார்த்துக் கொல்லையில் நின்று அண்ணன் குரலில் பாடிவிடுவது. அப்பா பதறி எழுந்து வாசலுக்கு ஓட வேண்டும். ஆள் இல்லாத வாசலைப் பார்த்து அசடு வழிய வேண்டும்.

போன ஞாயிறு பாட்டின் நடுவில், "வயித்தை வலிக்குது" என்று எழுந்து கொல்லைக்குப் போனேன். ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன். கடைசிச் சரணம் வந்தது. மூச்சை இழுத்தேன்.

'கதவைத் திறவுங்கள், வருகிறவர் வாசலில் நிற்கிறார்.'

அண்ணன் குரல். நான் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

உள்ளே அம்மா, "சாலமன்" என்று எழுந்தாள்.

அப்பா திரும்பக்கூட இல்லை. வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "ரஞ்சிதம், வயித்து வலி அதுக்குள்ள போயிடுச்சா? உள்ள வா கழுதை."

அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "பெத்தவகிட்ட இப்படியாடி விளையாடுவே?"

நான் கொல்லைக் கதவு வழியாக உள்ளே பாய்ந்தேன். "அம்மா, நான் இங்க இருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். வாசல் கதவைப் பார்த்தாள். அப்புறம் அவள் ஓடின ஓட்டத்தில் முக்காலி உருண்டது. வாசலில் தகரப் பெட்டியோடு அண்ணன். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா அழுதாளா சிரித்தாளா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் கை தட்டிக் குதித்தேன். "அப்பா ஏமாந்துட்டார். நிஜ அண்ணனைப் போய் நான்னு நினைச்சுட்டார்."

"யாரு, அப்பாவா ஏமாந்தார்?" என்றான் அண்ணன். "போன சனிக்கிழமை பட்டறை வாசல்ல 'அண்ணா, அண்ணா'ன்னு ஒரு பொண்ணு குரல். அசல் உன் குரல், வாலு. வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து பார்த்தா, குடையோட இவர் நிக்கறார். 'கடைசிச் சரணம் வரைக்கும் வாசல்லயே நில்லு'ன்னு சொல்லிக்கொடுத்ததும் இவர்தான்."

"சனிக்கிழமை சபைக் கூட்டம்னு சொன்னீங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு பேர் கூடினா சபைதானே."

"காத்திருப்போம்னு என்கிட்ட சொல்லிட்டு, நீங்களே போனீங்களா?"

"எல்லாருமே காத்துக்கிட்டிருந்தா வர்றது யார், மௌரீன்? யாராவது ஒருத்தர் இறங்கித்தான் வரணும். நாலு வாரமா அதைத்தானே பாடறோம்" என்றார் அப்பா. காது இரண்டும் சிவந்திருந்தன.

"அதெல்லாம் சரி. என் குரல்ல ஏன் கூப்பிட்டீங்க?" என்றேன் நான்.

அந்தப் பெரிய உடம்பிலிருந்து, அந்தக் கட்டை மீசைக்குக் கீழிருந்து, அச்சில் வார்த்த மாதிரி அப்படியே என் குரல் வந்தது.

"என் குரல்ல கூப்பிட்டிருந்தா, இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருப்பான்டி."